மகளிடம் மறைத்த புழுதி விதைப்பு

காலை பத்து மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு என் நாட்டு மக்கள் ஒருவர் மிச்சமில்லாமல் பட்டினியில் செத்துப்போனார்கள். திரையின் மூலையில் எழுதியிருந்த நேரத்தைத் தவிர வேறெதையும் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை; அதனால்தான் நிமிடம் வரை நினைவிருக்கிறது. அதற்குச் சற்று முன்பு வரை என் களஞ்சியத்தில் தானியம் எழுத இடமில்லாத அளவுக்குக் கிடந்தது. திடீரென்று அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து நின்றது. ஊர் ஊராக விளக்கணைந்தது. திரை ஒருமுறை வெளுத்துவிட்டு, ஆட்டம் தானாக மூடிக்கொண்டது.

அந்த நேரம் எதிரே ஒருவர் பட்டா நகல் எடுக்க நின்றிருந்தார்.

“அண்ணாச்சி, ரெண்டு காப்பி. என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? யாரும் தவறிட்டாவளா?”

நாடே தவறிவிட்டது என்று சொல்ல முடியுமா? ஒன்றுமில்லை என்று சொல்லி இரண்டு நகலையும் கொடுத்தனுப்பினேன். ஒன்று கோணலாக விழுந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

கோவில்பட்டியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. காலையில் கூட்டம் வரும், பத்து மணிக்குமேல் ஓயும். அந்த ஓய்வில் கடைக் கணினியில் விளையாடுவது என் பழக்கம். சண்டையும் சத்தமுமான விளையாட்டு இல்லை. நாட்டை ஆளும் விளையாட்டு. ஊர் கட்டுவது, உழுவது, வரி வைப்பது, படை திரட்டுவது. எதிரே மனிதர் யாரும் கிடையாது. நானும் இயந்திரமும் மட்டும்.

இந்த விளையாட்டு மட்டும் சாதாரணமானது அல்ல. இதைச் செய்த நிறுவனத்தில் என் மகள் வேலை பார்க்கிறாள். சென்னையில் ஒரு மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து செய்யும் சின்ன நிறுவனம். விளையாட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதில் ஐந்து மாதம் முடிந்திருந்தது. அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரே ஒரு பெரிய ஓட்டையைத் தவற விட்டதற்காக வீட்டுக்குப் போனார் என்று அவளே சொல்லியிருந்தாள். வங்கித் தேர்வு எழுதாமல் இதற்குப் போகிறாளே என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில்தான் இருந்தன. பகலெல்லாம் பெருமைப்படுவேன். அவளுக்கு மூன்று முறை போன் செய்வேன். மூன்றாவது முறை அவள் எடுக்க மாட்டாள்.

வெளியாட்கள் சிலருக்கு முன்கூட்டியே கொடுத்து ஆடச் சொல்வது அவர்கள் வழக்கம். அந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்தது மகள்தான்.

“நீங்க எதுலயும் குத்தம் கண்டுபிடிக்குத ஆளுதானப்பா. ஆடிப் பாருங்க. எங்கனயாவது கோணலா இருந்தா எனக்கு எழுதிப் போடுங்க.”

மானாவாரி நாடு ஒன்றின் ராஜா நான். ஆறு கிடையாது, அணை கிடையாது. மழையும் பக்கத்து நாட்டு அரசனும்தான் எதிரிகள். முதல் ஓட்டை பத்தே நாளில் அகப்பட்டது. ஓடைப் பாலத்தின் நடுவில் கிணறு ஒன்று வெட்டிவிட்டால் எதிரிப் படை அதைச் சுற்றிப் போகத் தெரியாமல் வருடம் முழுவதும் அங்கேயே நின்றது. யானைகள் வெயிலில் வரிசையாக நின்ற காட்சி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மகளுக்கு எழுதிப் போட்டேன். “சூப்பர்ப்பா!” என்று பதில் வந்தது. அடுத்த வாரம் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அன்று மத்தியானம் யானைகள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு வந்து என் தலைநகரைக் கொளுத்தின. எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது ஓட்டையையும் சொன்னேன். அதையும் அடைத்தார்கள். மறுபடியும் தோற்றேன்.

மூன்றாவதைச் சொல்லவில்லை.

அதைத் தேடி நான் போகவும் இல்லை. மழை பெய்த பிறகு விதைக்கவும் என்று விளையாட்டே சொல்லிக் கொடுக்கும். நான் நாகலாபுரம் பக்கத்து ஆள். கரிசல் மண்ணில் மழை பெய்துவிட்டால் சேற்றில் மாடும் ஏரும் இறங்காது; ஈரம் காயும்வரை காத்திருந்தால் பருவம் தப்பிவிடும். அதனால் மழைக்கு முந்திய மாதமே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிடுவோம். அதே கையோடு விளையாட்டிலும் போட்டேன். மழை விழுந்தது. ஒரு பங்கு வர வேண்டிய இடத்தில் இரண்டு பங்கு விளைந்தது. பிழை இதுதான்: மழை வந்ததும் கணினி அந்த விதையை ஒரு முறை எண்ணியது; முறையான விதைப்பு மாதம் பிறந்ததும் அதையே புது விதை என்று நினைத்து இன்னொரு முறை எண்ணியது.

மழை பொய்த்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தேன். மழை மாதம் பிறப்பதற்கு முன் ஆட்டத்தைச் சேமித்து வைப்பேன். மேகம் திரளவில்லையென்றால் பழைய சேமிப்பைத் திறந்து அந்த மாதத்தை மறுபடி ஆடுவேன். இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ மழை வந்தே தீரும். எங்கள் குடும்பம் நிலத்தை விட்டு வெளியேறியது அடுத்தடுத்துப் பொய்த்த மழைகளால். பொய்த்த மழையைத் திருப்பி அனுப்பி நல்ல மழையை வாங்கிக்கொள்ளும் வசதி கிடைத்தால் விடுவேனா? இது அழுகுணி ஆட்டம் என்று எனக்குத் தெரியும். தனியாக ஆடும் ஆட்டத்தில் யாரை ஏமாற்றுகிறோம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் அசையாத ராஜாவாக இருந்தேன்.

அன்று காலை பத்து இருபத்திரண்டு வரை.

உண்மையைச் சொல்கிறேன்: முதல் பத்து நிமிடம் எனக்கு மகள் நினைவே வரவில்லை. என் நாட்டை மட்டும்தான் நினைத்தேன். ஆட்டத்தை மறுபடி திறந்தேன். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. புது ஆட்டமாவது தொடங்கலாம் என்றால், கடைசியாக ஆடிய நாட்டையே அது தானாகத் திறந்ததால் முகப்புக்குக்கூடப் போக முடியவில்லை. கணினியை அணைத்துப் போட்டேன். அப்போதும் அதே கதைதான். மூன்றாவது தடவை அது மூடிக்கொண்டபோதுதான் உறைத்தது. இது என் நாட்டோடு நிற்காது. தானியம் இந்த அளவுக்கு ஏறினால் யார் வீட்டிலும் இப்படித்தான் ஆகும். காசு கொடுத்து வாங்கியவன் சும்மா இருப்பானா?

விளையாட்டு அன்று மாலை நான்கு மணிக்கு வெளியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று முந்தின நாள்தான் மகள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

வேறு யாரும் புழுதியில் விதைக்கப் போவதில்லை என்று ஒரு கணம் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை. கரிசல் நாட்டு விளையாட்டு, தமிழில் வரும் விளையாட்டு என்று சொல்லிச் சொல்லித்தான் விளம்பரமே செய்திருந்தார்கள். விளாத்திகுளத்திலிருந்து கடம்பூர் வரை எத்தனை பேர் கைபேசியில் பார்த்திருப்பார்கள்! அவர்கள் வாங்கியதும் முதல் வேலையாக என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மகளின் போன் அணைந்திருந்தது. வெளியீட்டு நாளில் எல்லோரும் போனை ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்களாம். பதினோரு தடவை அடித்தேன்.

பதினொன்றே காலுக்கு என் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்தாள்.

“நெஞ்சு வலிக்கா?”

“இல்ல.”

“பின்ன?”

சொன்னேன். அவளுக்கு விளையாட்டு புரியாது. ஆனால் நான் மறைத்தது உடனே புரிந்தது.

“ஒத்தையில ஆடுத ஆட்டத்துல போயி ஒருத்தன் அழுகுணி ஆட்டம் ஆடுவானா? அதுவும் பெத்த பிள்ள வேலைக்கு ஒலை வச்சா?”

“வேணும்னா செஞ்சேன்?”

“வேணாம்னா செஞ்சீங்க? ரெண்டு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?” அவள் கண் கலங்கிவிட்டது. “அந்த மேடம் நம்பர் உங்ககிட்ட இருக்குல்லா. போடுங்க.”

“உயிர் போற காரியம்னா மட்டும் போடணும்னு பிள்ள சொல்லியிருக்கு.”

“நாடே செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. போடுங்க.”

மேடம் என்பது மகளின் குழுத் தலைவி; அன்று அவர் போன் மட்டும் பெட்டிக்கு வெளியே இருந்தது. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். குரல் நிதானமாக இருந்தது. நான் உளறியதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு போனை ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. அதற்கு நடுவே என் மகளின் குரல்.

“எப்ப இருந்துப்பா தெரியும்?”

“ரெண்டு மாசமா.”

அதன்பிறகு அவள் தலைவியிடம்தான் பேசினாள், என்னிடம் இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

கெட்டுப்போன சேமிப்புக் கோப்பை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அங்கேயும் அது திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. ஆனால் கோப்பு கெட்டிருக்கிறது என்றுதான் அது காட்டும். எப்படிக் கெட்டது என்று காட்டாது. நான் சொன்னபடி அவர்கள் மழைக்கு முந்திய மாதம் விதைத்துப் பார்த்தார்கள். மழையும் வந்தது. களஞ்சியத்துக்கு ஒரு மணிகூட வந்து சேரவில்லை. நிலத்தை மாற்றிப் பார்த்தார்கள், விதையை மாற்றிப் பார்த்தார்கள். விதைத்தது அத்தனையும் மழைக்கு முன்பே செத்துக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டரைக்குத் தலைவி கேட்டார்: “சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அந்த ஃபைலைத் திறந்து உள்ள இருக்கிற நம்பரைக் கையால மாத்தினீங்களா? சில பேர் அப்படிச் செய்வாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “மேடம், நான் அழுகுணி ஆட்டம் ஆடுனது உண்மை. ஆனா ஒவ்வொரு மணியையும் விதைச்சித்தான் எடுத்தேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, என்னால் நிரூபிக்க முடியவில்லை. பழைய சேமிப்பின் மேலேயே புதியதை எழுதுவது என் பழக்கம். முந்தியது எதுவும் என்னிடம் இல்லை. என் மகளின் நிலைமை இப்போது இன்னும் மோசம். ஓட்டை இருந்தால் அவள் தவறவிட்டவள். இல்லையென்றால் வெளியீட்டு நாளன்று ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கிய அப்பாவின் மகள். சரியாக ஒரு மணிக்கு முடித்துக்கொள்ளலாம், நான்கு மணிக்கு வெளியிட்டுவிடலாம் என்று அங்கே யாரோ சொல்வது கேட்டது.

அதுவரை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மனைவி, இங்கிருந்தபடியே கேட்டாள்:

“வெதைய மூடச் சொன்னீங்களா?”

“என்னது?”

“புழுதியில போட்டு அப்பிடியே விட்டா எறும்பும் குருவியும் தின்னுட்டுப் போயிரும்லா. வெதைச்ச பொறவு மேல ஒரு சால் ஓட்டி மூடணும்னு அவியகிட்ட சொன்னீங்களா இல்லியா?”

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. விதைத்தேன் என்று ஒருவன் சொன்னால் மூடினேன் என்பதும் அதற்குள்தானே இருக்கிறது! சாப்பிட்டேன் என்றால் மென்றேன் என்று தனியாகச் சொல்வோமா? விளையாட்டில் ஒவ்வொரு முறையும் விதைத்த நிலத்தின்மேல் மறுபடி உழவு உத்தரவைக் கொடுத்திருந்தேன். என் விரல் யோசிக்காமல் செய்த வேலை அது. சென்னையில் அந்த அறையில் இருந்தவர்களுக்கோ, விதைத்த நிலத்தை மறுபடி உழுவது விதையை அழிக்கும் வேலை. யாருக்கு அதைச் செய்து பார்க்கத் தோன்றும்?

“மேடம், வைக்காதீங்க! வெதைச்ச நெலத்த மறுபடி உழுங்க!”

“விதைச்ச நிலத்தையா?”

“ஆமா. அதே மாசத்துல. மழைக்கு முந்தி.”

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அங்கே ஒரு மாதம் கழிந்தது, மழை வந்தது, அடுத்த மாதம் பிறந்தது. என் மனைவி எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ... ரெண்டு வாட்டி ஏறுது!” அது என் மகளின் குரல். “மேடம், ரெண்டு வாட்டி ஏறுது! மறுபடி உழுதா அது மூடுன வெதை ஆயிருது, சாகல!”

ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். போன் என் கையில் அதிர்ந்தது. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, கிரிக்கெட்டா?” என்றார். ஆமாம் என்றேன்.

மிச்சம் வேகமாக நடந்தது. களஞ்சியத்தை என் அளவுக்கு நிரப்ப அவர்களுக்கு இரண்டு மாதம் ஆகுமே என்று நான் கவலைப்பட்டதற்குத் தலைவி சிரித்தார். தானியத்தை நேராகக் கொட்டுவதற்கு அவர்களிடம் ஒரு ரகசியக் கட்டளை இருக்கிறதாம். “எங்க எல்லார்கிட்டயும் கள்ளச் சாவி இருக்கு சார். அழுகுணி ஆட்டம் ஆடாம கேம் செய்ய முடியாது.” கொட்டினார்கள். கணினியால் எண்ண முடிந்த எல்லையைத் தானியம் தாண்டியதும் கணக்கு தலைகீழாகப் புரண்டது. கழித்தல் குறி வந்தது. அவர்கள் நாடும் என் நாட்டைப் போலவே செத்துப்போனது. ஒரு சாவுக்கு அவ்வளவு பேர் கைதட்டி நான் கேட்டதில்லை.

வெளியீட்டை ஆறரை மணிக்குத் தள்ளி வைத்தார்கள். களஞ்சியத்துக்கு ஓர் எல்லை கட்டினார்கள். ஒரு விதையை ஒரு முறை மட்டும் எண்ணும்படி செய்தார்கள். விதைத்த நிலத்தை உழவே முடியாதபடி பூட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னபோதுதான் நான் மறுபடி வாயைத் திறந்தேன்.

“அத மட்டும் பூட்டிராதீங்க. எங்க ஊர்ல வெவசாயமே அதான்.”

என் மகள் பேசினாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது. ஆனால் பேச்சு என் பக்கம் இருந்தது. “இருக்கட்டும் மேடம். மூடி வெதைச்சா ஒரு மாசம் முந்தி அறுக்கலாம்னு வைப்போம். மழை வரலைன்னா வெதை மொத்தமும் போயிரும். அதான நெசம்.”

அப்படியே வைத்தார்கள். ஆறரைக்கு விளையாட்டு வெளியானது. நானும் மனைவியும் கடையில் உட்கார்ந்து, நான்கு மாதமாக எனக்குத் தெரிந்த விளையாட்டை முதன்முறையாகக் காசு கொடுத்து வாங்கினோம். புழுதியில் விதைத்து, மேலே ஒரு சால் ஓட்டினேன். ‘மூடிய விதை’ என்று நிலத்தின்மேல் எழுத்து வந்தது. காலையில் அந்தச் சொல் விளையாட்டில் இல்லை. என் மனைவி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, “நான் சொன்னதுல்லா?” என்றாள். அன்றைக்கு அவளைப்போல் ஒரு தளபதி எந்த நாட்டு ராஜாவுக்கும் இருந்திருக்க மாட்டாள்.

மகள் அன்றும் மறுநாளும் என் போனை எடுக்கவில்லை. நானும் அடிப்பதை ஒன்றாகக் குறைத்தேன். மூன்றாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது: “வேலை உறுதி ஆயிருச்சு. மேடமே லெட்டர் குடுத்தாங்க. அம்மாகிட்ட சொல்லுங்க. உங்ககிட்ட இப்ப பேச மாட்டேன்.” அதை அச்செடுத்து, லேமினேஷன் போட்டு, கடை மேசையில் வைத்தேன். கடைசி வரியை வெட்டியெடுத்துவிடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

ஆனாலும் தூக்கம் சரியில்லை. மனைவி வாய் திறக்காமல் ஸ்டூலிலேயே இருந்திருந்தால்? நான் போன் செய்யாமலே இருந்திருந்தால்? அந்த நாளுக்கு முந்திய சேமிப்பு எதுவும் என்னிடம் இல்லை. இன்னொன்றும் உறுத்திக்கொண்டிருந்தது. நான் மறைத்தது அந்த ஓர் ஓட்டையை மட்டும் அல்ல. வரி வசூலில் ஒன்றும், குதிரைச் சந்தையில் ஒன்றும் இன்னும் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தன. பெரிய ஆபத்து இல்லாதவை, நாட்டைக் கொல்லாதவை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தியதையும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை, கூட்டம் ஓய்ந்த நேரம். குதிரைச் சந்தையில் ஒரே குதிரையை நான்காவது முறையாக விற்றுக்கொண்டிருந்தேன். கடை வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதுகில் பையும் கையில் பெட்டியுமாக, ரயிலடியிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தாள் என் மகள். மேசையில் இருந்த லேமினேஷனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். பிறகு பெட்டியை வைத்துவிட்டு, என் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

“எந்திரிங்கப்பா, நான் உக்காருதேன். இன்னும் எத்தனைய ஒளிச்சி வச்சிருக்கீங்க? ஒண்ணொண்ணா காட்டுங்க.”